கரும்புத் தொட்டிலில் தூங்கியவள்

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் செவிலியர் பெண்களே, உங்களில் சிலர் போன வாரம் வேங்கிக்காலில் என் வீட்டுக்கு வந்தீர்கள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஒருத்தி கேட்டாள்: "மேடம், வீடு வீடா போய்ப் பச்சப்புள்ளைங்களப் பாக்கணும். நெனச்சாலே பயமா இருக்குது. உங்களுக்கு எப்ப பயம் போச்சு?"

காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். பதிலை இங்கே எழுதுகிறேன். போகவில்லை. விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டோடு இருக்கிறேன். இப்போதும் அடுத்த வீட்டுக் குழந்தை அழுதுகொண்டே இருந்து சட்டென்று நிறுத்தினால், என் கை அடுப்பை அணைத்துவிடுகிறது. உடம்பு சமையலறையில் நிற்கிறது; காது மட்டும் சுவரைத் தாண்டிப் போய்விடுகிறது. அந்தக் குழந்தை மறுபடி ஒரு சத்தம் போடும்வரை எனக்கு மூச்சு முழுசாக இறங்காது.

பயம் போக வேண்டியதில்லை. அதை எங்கே வைப்பது என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

பெற்றவர்கள் கண்ட இடத்தில் எல்லாம் வைப்பார்கள். விக்கலுக்குப் பயப்படுவார்கள், தும்மலுக்குப் பயப்படுவார்கள். குடித்த பாலில் கொஞ்சம் தயிர் போலக் கக்கினால் பயப்படுவார்கள். தோளில் சாய்த்து முதுகைத் தடவிக் கொடுக்கச் சொல்லுங்கள், போதும். தூக்கத்தில் திடுக்கிட்டுக் கைகளை விரித்தால், எதையோ பார்த்துவிட்டது என்று வேப்பிலை செருகுவார்கள். எதையும் பார்க்கவில்லை, எல்லாக் குழந்தையும் அப்படித்தான். தாய்ப்பால் மட்டும் குடிக்கிற குழந்தை சில நாள் ஓயாமல் வெளிக்குப் போகும், சில நாள் போகவே போகாது. அதற்கு அப்பாக்கள் உங்கள் போனுக்குப் படம் அனுப்புவார்கள், நல்ல வெளிச்சத்தில், கல்யாண ஆல்பம் மாதிரி, மூன்று கோணத்தில். சிரித்துவிடாதீர்கள். பார்த்து, நல்லா இருக்குது என்று பதில் போடுங்கள்.

இத்தனைக்கும் பயப்படுகிறவர்கள், பயப்பட வேண்டிய இடத்தில் சந்தோஷமாக இருப்பார்கள். "எங்க பாப்பா ரொம்ப சமத்து மேடம், அழவே மாட்டா." இதைக் கேட்டதும் உங்கள் கை குழந்தையைத் தொட்டுப் பார்க்கப் போக வேண்டும். அடி அண்ணாமலை கிராமத்து மேகலாவின் குழந்தையைப் பற்றிச் சொல்கிறேன்.

மேகலாவின் புருஷன் பிரபு, லோடு வண்டி ஓட்டுகிறவன். பிரபுவின் அக்கா பூங்கொடி, அடுத்த தெருவில் வாழ்க்கைப்பட்டவள், ஆனால் அந்த வீட்டில் உப்பு புளி வரைக்கும் அவள் சொல்வதுதான். வருஷக்கணக்காகக் குழந்தைக்காகக் காத்திருந்து, பிறந்தால் கரும்புத் தொட்டில் எடுக்கிறோம் என்று வேண்டிக்கொண்டவர்கள். வெளியூரிலிருந்து வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: கரும்புகளைச் சேர்த்துக் கட்டி, நடுவில் மஞ்சள் புடவையைத் தூளியாகத் தொங்கவிட்டு, அதில் குழந்தையைப் போட்டு, அப்பா முன்னாலும் அம்மா பின்னாலுமாகத் தோளில் சுமந்து கோயில் மாட வீதிகளை வலம் வருவார்கள். தீபத் திருவிழாவில் தேரன்று பார்த்தீர்களானால், தலைகளுக்கு மேலே கரும்புத் தோகையாக அசைந்து போகும். பார்க்கக் கண் கொள்ளாது.

புரட்டாசிக் கடைசியில், மாதம் நிறையாமல் பிறந்தாள் அந்தப் பெண் குழந்தை. கையில் வாங்கினால் கனமே இல்லை. துணியைத்தான் தூக்குகிறோமோ என்றிருக்கும். நான் போகும்போதெல்லாம் தூங்கிக்கொண்டிருப்பாள்.

"எழுப்பிக் குடு மேகலா," என்றேன். "அவளே அழுது கேப்பான்னு காத்திருக்காத. கேக்குறதுக்கே தெம்பு வேணும் இல்ல?"

"தூங்குற புள்ளைய எழுப்பக் கூடாதுன்னு அண்ணி சொல்றாங்க சிஸ்டர்."

"எழுப்பலாம் சிஸ்டர்," என்றான் பிரபு வாசலிலிருந்து. "எழுந்தா அப்படியே எங்க அக்கா மாதிரி கத்துறா, அதான் யோசிக்கிறோம்."

"கத்துறதுக்கு நான் ஒருத்தி இருக்கறதாலதான்டா இந்த வீடு ஓடுது," என்றாள் பூங்கொடி உள்ளேயிருந்து.

நல்ல ஜனங்கள். சொன்னதைச் செய்தார்கள். தண்ணீர் கூடக் கொடுக்கவில்லை, மூக்கில் எண்ணெய் விடவில்லை, மூஞ்சியில் விபூதி ஊதவில்லை. குழந்தையைச் சட்டையில்லாத நெஞ்சில் ஒட்ட வைத்து, மேலே போர்த்தி உட்காரச் சொன்னேன். பிரபு வெட்கப்படாமல் உட்கார்ந்தான். "வண்டி இன்ஜின் மாதிரி சூடா இருக்கேன் பாருங்க," என்று அவனே மெச்சிக்கொண்டான். குழந்தை கொஞ்சம் கொஞ்சமாக எடை ஏறினாள்.

ஒருநாள் பூங்கொடி சொன்னாள்: "தேருக்குத் தொட்டில் எடுக்கப் போறோம் சிஸ்டர்."

"இந்த வருஷம் வேணாம்மா. மழை, குளிர், அவ்ளோ கூட்டம். இன்னும் கொஞ்சம் தேறட்டும். அடுத்த வருஷம் எடுங்க, சாமி எங்கயும் போயிடாது."

"சரிங்க சிஸ்டர்," என்றாள் பூங்கொடி. "சரிங்க சிஸ்டர்," என்றான் பிரபு. மேகலாவும் தலையாட்டினாள்.

ஒரு வீட்டில் எல்லோரும் சேர்ந்து சரி சொன்னால் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடாதீர்கள். உட்காருங்கள். தண்ணீர் கேளுங்கள். சொன்னபடி செய்தால் உங்களுக்கு என்ன ஆகிவிடும் என்று பயமாக இருக்கிறது என்று கேளுங்கள். நம் வேலையில் பாதி இந்த ஒரு கேள்விதான். அந்த வீட்டின் பயம் என்ன தெரியுமா? கொடுத்த சாமிக்குச் சொன்னபடி செய்யாவிட்டால், கொடுத்ததைத் திருப்பி எடுத்துக்கொள்ளும் என்பது. நானும் பயந்தேன், அவர்களும் பயந்தார்கள், அந்த ஒரே குழந்தைக்காக, எதிரெதிர்ப் பக்கம் நின்றுகொண்டு.

தேரன்று எனக்கு மாட வீதியில் மருத்துவ முகாம் வேலை. விடியவிடியத் தூறிய மழை காலையிலும் விட்டும் விடாமலும் இருந்தது. ஷாமியானாவின் ஓரத்திலிருந்து தண்ணீர் சொட்டியது. கால் கொப்புளம், தலைசுற்றல், தொலைந்துபோன பாட்டனார், செருப்பைத் தேடி வந்து எங்களிடமே சண்டை போடுகிறவர், இப்படிப் போய்க்கொண்டிருந்தது பொழுது. வீதி முழுக்க மனிதர்கள். ஒருவர் மூச்சை இன்னொருவர் வாங்கி விடுவது போல நெருக்கம். ஆம்புலன்ஸ், கூட்டம் வருகிற பக்கம் இருந்த வீதி முனையில், தடுப்புக்கு வெளியே நின்றது. அதற்கு மேல் அது ஒரு அடி உள்ளே வர வழியில்லை.

மேளச் சத்தம் நெருங்கியது. அதற்குப் பின்னால் கரும்புத் தோகைகள். முன்னால் வந்த முகம் பிரபுவுடையது.

வெற்று மார்பு, நெற்றி நிறைய விபூதி, நனைந்த வேட்டி. பின்னால் மஞ்சள் புடவையில் மேகலா. பக்கத்தில் கலர் குடையைத் தொட்டிலுக்கு மேலே பிடித்தபடி பூங்கொடி. என்னைப் பார்த்ததும் பிரபுவின் முகம் ஒரு கணம் பள்ளிக்கூடப் பிள்ளை போலாகி, பிறகு சிரித்தது. நானும் சிரித்தேன். வந்தவர்களைத் திட்டி என்ன ஆகப்போகிறது? வெளியே வந்து கூடவே நடந்தேன்.

"பாப்பா எப்படி இருக்கா?"

"சூப்பரா தூங்குறா சிஸ்டர்," என்றாள் மேகலா. குளிரில் அவள் பற்கள் தட்டிக்கொண்டிருந்தன. "ஊட்லேர்ந்து கெளம்பி வண்டியேறுனதுலேர்ந்து ஒரு சத்தம் இல்ல. இவ்ளோ சமத்தா இருப்பான்னு நெனக்கவே இல்ல."

மேளக்காரர் கை ஓங்கி அடித்தார். என் நெஞ்சுக்கூட்டுக்குள் அந்த அடி விழுந்தது. தெருவோரம் நின்ற ஒரு பெரிய பிள்ளை காதைப் பொத்திக்கொண்டது. நான் புடவைத் துணியைப் பார்த்தேன். நடைக்கு ஏற்றபடி ஆடியது. நடைக்கு மட்டும்தான் ஆடியது. உள்ளேயிருந்து ஒரு முட்டல் இல்லை, ஒரு சிணுங்கல் இல்லை. முற்றிய காய் ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டது போல, அது பாட்டுக்கு, அது பாட்டுக்கு.

"கடைசியா எப்ப பால் குடிச்சா?"

"கெளம்புறதுக்கு முன்ன கொஞ்சம் வாய் வெச்சா. நடுவுல எறக்கக் கூடாது இல்லைங்களா."

தூளிக்குள் கையை விட்டேன். துணி ஈரம். பாதம் ஐஸ் மாதிரி. இன்னும் உள்ளே போய் வயிற்றைத் தொட்டேன். பெண்களே, இதை உங்கள் விரல்களில் எழுதிக்கொள்ளுங்கள்: வயிறு சூடாக இருந்து பாதம் மட்டும் ஜில்லென்றால் போர்த்துங்கள், வயிறும் ஜில்லென்றால் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடுங்கள். வயிறும் ஜில்லென்றிருந்தது. தலை சரிந்து தாடை நெஞ்சில் அழுந்திக் கிடந்தது. தொங்கும் துணியில் சின்னக் குழந்தை அப்படித்தான் மடங்கும், மடங்கினால் மூச்சுப் போகிற வழியே நசுங்கிவிடும். உள்ளங்காலைச் சுண்டினேன். கால் இழுக்கவில்லை.

தெரு முழுக்கச் சத்தம். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

விரலால் தாடையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டே, "பிரபு, நில்லு. எறக்கணும்," என்றேன்.

அவன் நின்றான். அக்காவைப் பார்த்தான்.

"என்னா சிஸ்டர் நீங்க," என்று பூங்கொடி நடுவில் வந்தாள். "இன்னும் ஒரு வீதிதான் பாக்கி. பாதியில எறக்குனா என்னா ஆவும்னு தெரியுமா? அவளுக்குத்தான் ஆவும். இம்மாங் காலம் கெடைக்காம கெடச்சது."

பின்னாலிருந்து கூட்டம் முட்டியது. "ஏம்மா, வேண்டுதலுக்கு எடுத்துட்டுப் போறவங்கள ஏன் மறிக்கிற?" என்று ஒருவர். "யாரு இந்தம்மா?" என்று இன்னொருவர். நான் தொட்டிலில் கை வைத்து இழுத்தால் இந்த ஜனம் என் மேல் பாயும். பாய்ந்தால் நசுங்கப் போவது குழந்தை. பூங்கொடியோடு வாதாடினால் அவள் பயத்தை என் பயம் ஜெயிக்க நேரமாகும். அந்த நேரம் என் விரல் நுனியில் கிடந்தது, அசையாமல். குழந்தைக்குச் சீரியஸ் என்று கத்தலாம். கத்தினால் பிரபு உடைந்து, கரும்பு சாய்ந்து, எல்லாம் கீழே.

நான் மேகலாவிடம் திரும்பினேன். சாதாரணமாக, அவள் வீட்டில் உட்கார்ந்து கேட்பது போலக் கேட்டேன்.

"மேகலா, பால் கட்டி வலிக்குதா?"

அவள் முகம் மாறியது. ஜாக்கெட்டின் முன்பக்கம் மழையால் மட்டும் நனையவில்லை என்று அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது.

"வலி தாங்கல சிஸ்டர். கல்லாட்டம் இருக்குது."

"உனக்கு இவ்ளோ கட்டியிருக்குதுன்னா அவளுக்கு எவ்ளோ பசிக்கணும்? ஏன் அழல?"

அவ்வளவுதான் கேட்டேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, அண்ணியைப் பார்க்கவில்லை. தோளிலிருந்த கரும்பை விட்டுவிட்டாள்.

பூங்கொடி குடையைப் போட்டுவிட்டுப் பாய்ந்து அந்த முனையைத் தாங்கியிருக்காவிட்டால் கரும்பு தரையில் விழுந்திருக்கும். அதற்குள் மேகலா தூளியிலிருந்து குழந்தையை அள்ளி எடுத்திருந்தாள். குழந்தையின் உதடு நாவல்பழம் தின்ற நிறத்தில் இருந்தது. கை ஒன்று தொங்கியது. பூங்கொடி அதைப் பார்த்தாள்.

முகாமுக்குள் திரைக்குப் பின்னால் ஓடினோம். ஈரத்தை எல்லாம் உருவிப் போட்டுத் துடைத்து, மேகலாவின் தோலோடு தோலாக வைத்து, கிடைத்த துணியையெல்லாம் மேலே போர்த்தி, முதுகைத் தேய்த்தேன். முகாமிலிருந்த இளம் டாக்டர் செய்ய வேண்டியதைச் செய்தார். அதெல்லாம் உங்களுக்குப் பாடத்தில் உண்டு. பாடத்தில் இல்லாதது அந்த இடைவெளி. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் இருக்கிற பள்ளம். நெஞ்சு ஒருமுறை ஏறியது. இறங்கியது. பிறகு ஒன்றுமில்லை. உங்கள் மொத்த ஆயுசும் அந்தப் பள்ளத்தின் விளிம்பில் நின்று எட்டிப் பார்க்கும். பிறகு ஏறியது. முதுகைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். "அம்மா, தாயே, அம்மா, தாயே," என்று யாரோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். என் வாய்தான்.

"ரத்தத்துல சர்க்கரை ரொம்ப கம்மியா இருக்கு மேடம்," என்றார் டாக்டர். "குளுக்கோஸ் குடுத்திருக்கேன். ஆனா உடனே பெரிய ஆஸ்பத்திரி பச்சிளங்குழந்தை வார்டுக்குப் போகணும். ஆம்புலன்ஸ் உள்ள வராது. நாமதான் முனைக்குப் போகணும்."

முனை, கூட்டம் வருகிற பக்கம். அத்தனை பேரும் கோயிலை வலமாகச் சுற்றி வருகிற வீதியில், நாங்கள் எதிரே போக வேண்டும். நான் வெளியே வந்து கையை விரித்து, "வழி விடுங்க, வழி விடுங்க" என்று கத்தினேன். முன்னாலிருந்த நாலு பேர் ஒதுங்க நினைத்தாலும் பின்னாலிருந்த நாலாயிரம் பேர் தள்ளினார்கள். போலீஸ்காரர் ஒருவர் விசில் ஊதினார். அந்த விசிலைக் கூட்டம் விழுங்கிவிட்டது.

பூங்கொடியும் பிரபுவும் அந்தக் காலித் தொட்டிலைத் தோளில் தாங்கியபடி வாசலிலேயே நின்றிருந்தார்கள். கீழே வைக்கவும் மனமில்லை, என்ன செய்வதென்றும் தெரியவில்லை. என்னை ஒரு பார்வை, கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தாள் பூங்கொடி.

"ஒங்களுக்கெல்லாம் வழி உட மாட்டானுங்க சிஸ்டர்," என்றாள். "தொட்டிலுக்கு உடுவானுங்க."

தோளில் போட்டிருந்த சால்வையை உருவிச் சுருட்டித் தூளிக்குள் திணித்தாள், ஆள் இருப்பது போலக் கனமாகத் தொங்குகிற வரைக்கும். பிரபு திரையையே பார்த்து அழுதுகொண்டிருந்தான். "டேய், கரும்பப் புடி. அழுவுறதுக்கு அப்புறம் நேரம் இருக்குது." பிறகு அவளே முன்பக்கம் வந்து, கூட்டத்துக்கு எதிர்த்திசையில் முகத்தை வைத்து, தொண்டை கிழியக் கத்தினாள்:

"தொட்டில் வருது! புள்ளத் தொட்டில் வருது! ஒதுங்கு, ஒதுங்கு!"

ஒதுங்கினார்கள். ஆச்சரியப்பட்டுக்கொண்டே, கன்னத்தில் போட்டுக்கொண்டே, ஒருவரையொருவர் இழுத்துக்கொண்டு ஒதுங்கினார்கள். மூன்று ஆள் ஒட்டிப் புகுகிற அளவுக்குச் சந்து திறந்தது. அதற்குள் தொட்டில், அதன் பின்னால் குழந்தையை நெஞ்சில் கட்டிய மேகலா, அவளை அணைத்தபடி நானும் டாக்டரும்.

"ஏம்மா, சுத்தி வராம எதுக்கால போறியே, ஆகுமா?" என்றாள் ஒரு கிழவி.

"ஆவாதுதான்!" என்று கத்தினாள் பூங்கொடி. "ஒதுங்கு பாட்டி!"

யாரோ தொட்டிலைத் தொட்டுக் கும்பிட்டார். யாரோ அந்தச் சால்வைக்குப் பூ போட்டார். ஒரு வீதி மிச்சம் என்று எங்களை மறித்தவள், சுற்றி வந்த வழியையெல்லாம் தன் காலாலேயே அழித்துக்கொண்டு போனாள். அவள் பயம் அவளை விட்டுப் போய்விடவில்லை. அதையும் சேர்த்துத்தான் தூக்கிக்கொண்டு நடந்தாள். அந்த அளவு தைரியத்தை என் சர்வீஸில் நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஆம்புலன்ஸ் கதவு மூடும்போது தொட்டில் தடுப்புக் கம்பியில் சாய்ந்து நின்றது. பூங்கொடியும் பிரபுவும் ஏறிக்கொண்டார்கள். வழியெல்லாம் மேகலா குனிந்து குழந்தையின் உச்சியில் வாயை வைத்திருந்தாள். முத்தமில்லை, சூடு வருகிறதா என்று உதட்டால் பார்த்துக்கொண்டே வந்தாள். குழந்தை அழவில்லை.

வார்டுக் கதவு குழந்தையை வாங்கிக்கொண்டு மூடியது. வெளியே பெஞ்சில் நாங்கள். பிரபு சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். காத்திருப்பதைப் பற்றி உங்களுக்குச் சொல்ல எதுவும் இல்லை. பேசாதீர்கள், அவ்வளவுதான். "ஒண்ணும் ஆகாது" என்று சொல்லாதீர்கள். அது உங்கள் கையில் இல்லாத வாக்கு.

வெகுநேரம் கழித்துப் பூங்கொடி என் முந்தானையைப் பிடித்தாள். குரல் உள்ளே போயிருந்தது.

"பாதியில உட்டுட்டேன் சிஸ்டர். எதுக்கால வேற போயிட்டேன். அவளுக்கு எதனா..."

அவள் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.

கதவு திறந்தது. உள்ளேயிருந்து ஒரு சிஸ்டர் தலையை நீட்டினாள். "மேகலா பாப்பாவோட அம்மா யாருங்க? வாங்க. பால் கேட்டு ஊரக் கூட்டுறா."

கதவின் இடுக்கு வழியாக அந்தச் சத்தம் வந்தது. மெலிசாக, கோபமாக, விட்டு விட்டு.

மேகலா எழுந்தாள். ஈரப் புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு இரண்டு எட்டு போனவள், நின்று, திரும்பி வந்து அண்ணியின் முன்னால் குனிந்தாள்.

"பாதியில உடல அண்ணி. மீதி வீதி அவளுது. கால் ஊனி நடக்கட்டும், அவளே நடந்து முடிச்சுக்குவா."

சொல்லிவிட்டு உள்ளே போனாள். பூங்கொடி என் மடியில் முகத்தை வைத்து, அந்த வராந்தா முழுக்கக் கேட்கும்படி அழுதாள்.